கடலூரில் இ-சேவையும் கிளவுடும்: அலுவலகம் தயாரா, மக்கள் ஏற்கிறார்களா என்று அளக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு வட்டத்தில் இந்த மாதம் இத்தனை ஆயிரம் விண்ணப்பங்கள் இணைய வழியில் வந்தன என்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, "மக்கள் மின்சேவையை ஏற்றுக்கொண்டார்கள்" என்று எழுதிவிடுவது சுலபம். பல ஆய்வுகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் வருமானச் சான்றிதழ் வாங்க வேறு வழியே இல்லாதபோது, இணையத்தில் விண்ணப்பித்ததை மட்டும் வைத்து அதை ஏற்பு என்று எப்படிச் சொல்வது? விண்ணப்பத்தில் ஒரு பெயர் இருக்கும், அதைத் தட்டச்சு செய்த கை வேறொருவருடையதாக இருக்கும், ஓடிபி போன கைபேசி மூன்றாவது ஆளிடம் இருக்கும். கடலூர் மாவட்டத்தில் மின்னாளுமை பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்முனை இதுதான்: யார் பயன்படுத்தினார், யாருக்காகப் பயன்படுத்தினார், வேறு வழி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்.

முதுகலை மாணவர்கள், உள்ளாட்சியில் வேலை செய்பவர்கள், தன்னார்வ அமைப்புகளில் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தயார்நிலை என்பது அரசுப் பக்கம்: ஆள், இயந்திரம், இணைப்பு, மின்சாரம், சட்டம், தரவு இருக்கும் இடம். ஏற்பு என்பது மக்கள் பக்கம்: தெரிந்ததா, முடிந்ததா, நம்பினார்களா, மறுபடி வருவார்களா. இரண்டையும் தனித்தனியாக அளந்துவிட்டு, அப்புறம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 1: எந்தச் சேவை என்று குறுக்குங்கள்

"மின்னாளுமைச் சேவைகள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இரண்டு சேவைகளை எடுத்துக்கொள்ளுங்கள், தன்மையில் ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாக. என் பரிந்துரை: ஒன்று வருமானச் சான்றிதழ், இன்னொன்று உட்பிரிவு தேவைப்படும் பட்டா மாறுதல். முதலாவது பெரும்பாலும் ஆவணங்களைப் பார்த்தே முடிந்துவிடும். இரண்டாவதற்கு நில அளவர் நிலத்துக்கே வந்து அளக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் போகலாம், சங்கிலி இழுப்பது நிலத்தில்தான். இந்த இரண்டையும் அருகருகே வைத்தாலே, கணினியால் சீராகும் தாமதம் எது, ஆளால் மட்டுமே தீரும் தாமதம் எது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

லேன், லீ என்ற இருவர் 2001-ல் மின்னாளுமை வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள்: தகவலைப் போட்டு வைப்பது, பரிமாற்றம் நடத்துவது, ஒரே துறையின் மேல்-கீழ் அடுக்குகளை இணைப்பது, துறைகளுக்கு இடையே இணைப்பது. நீங்கள் எடுத்த சேவை எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள். ரேஷன் அட்டையில் இருக்கும் முகவரியை வருவாய்த் துறைக்கு மறுபடி நகலெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் நான்காம் நிலை இன்னும் வரவில்லை என்று பொருள்.

படி 2: விண்ணப்பம் போகும் பாதையை நீங்களே பின்தொடருங்கள்

கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒரு இ-சேவை மையத்தில், பொறுப்பாளரின் அனுமதியோடு, ஓரமாக உட்காருங்கள். வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம், சம்பளச் சீட்டு அல்லது அது இல்லாத குழப்பம். முதன்முறை வருபவருக்குக் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்க வேண்டும். "கேன் நம்பர் இருக்கா?" என்று மையத்தில் கேட்பது இதைத்தான். அங்கேதான் முதல் முடிச்சு. கேன் எண்ணோடு எந்தக் கைபேசி எண் சேர்க்கப்பட்டிருக்கிறது? கணவர் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், எண் அவருடையது. மனைவி மையத்தில் நின்றுகொண்டு, "ஓடிபி வந்துச்சா, சொல்லுங்க" என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வேலையில் இருந்தால் அழைப்பை எடுக்க மாட்டார். ஓடிபி காலாவதியாகும், மறுபடி அனுப்ப வேண்டும். இது எந்த அரசுப் பதிவேட்டிலும் தாமதமாகப் பதிவாகாது. உங்கள் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும்.

பிறகு வருடல். மடித்து மடித்துக் கிழிந்த பத்திரத்தை ஸ்கேன் செய்து, கோப்பின் அளவைக் குறைத்து ஏற்றுவார்கள். அளவைக் குறைக்கக் குறைக்க எழுத்து மங்கும். மங்கிய ஆவணம் பின்னால் "தெளிவாக இல்லை" என்று திரும்பி வரும். 60 ரூபாய் கட்டணம், ரசீது, குறுஞ்செய்தி. அதற்கப்புறம் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று லாகின் லாகினாக நகரும். ஊரில் யாரைக் கேட்டாலும் "விஏஓ லாகின்ல நிக்குது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாகினிலும் விண்ணப்பம் எவ்வளவு நேரம் நின்றது, எதற்காகத் திரும்பியது, திரும்பிய செய்தி விண்ணப்பித்தவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மூன்று நெடுவரிசைகள் போடுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டால் சில விண்ணப்பங்களை இப்படித் தொடர்ந்து பார்க்கலாம். மொத்தக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் ஆகும், அதனால் ஆய்வின் முதல் வாரத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள்.

படி 3: அலுவலகத் தயார்நிலை

ஐக்கிய நாடுகள் சபை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகளின் மின்னாளுமையை அளக்கிறது. இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் என்ற மூன்றின் சராசரிதான் அதன் குறியீடு. 2024 பட்டியலில் 193 நாடுகளில் இந்தியா 97-வது இடம். இந்தியாவுக்குள்ளேயே நெஸ்டா என்ற மதிப்பீடு 2019-லும் 2021-லும் நடந்தது. அது மாநிலங்களின், மத்திய அமைச்சகங்களின் தளங்களை அளக்கிறது. இவற்றிலிருந்து தலைப்புகளை எடுத்துக்கொள்ளலாம், கணக்கை எடுக்காதீர்கள். ஒரு நாட்டுக்குச் சராசரி பொருந்தும். ஒரு தாலுகாவுக்குப் பொருந்தாது. கணினி, பயிற்சி, இணைப்பு எல்லாம் நன்றாக இருந்து, அந்தக் கிராமத்துக்கு நிலையான கிராம நிர்வாக அலுவலர் இல்லாமல் பக்கத்து ஊர்க்காரர் கூடுதல் பொறுப்பில் இருந்தால், சராசரி மதிப்பெண் அழகாக வரும், சான்றிதழ் வராது. எனவே ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் கொடுத்துவிட்டு, மிகக் குறைந்த மதிப்பெண்ணையே அந்த அலுவலகத்தின் தயார்நிலையாக எழுதுங்கள். கடுமையாகத் தோன்றும். உண்மை நிலை அதுதான்.

கேட்க வேண்டியவை: மடிக்கணினி அரசு கொடுத்ததா, எத்தனை வருடம் பழையது? இணைப்பு யாருடையது? கிராம அலுவலகத்தில் கம்பி இணைப்பு இல்லாமல் சொந்தக் கைபேசியின் டேட்டாவில் வேலை நடக்கிறதா? மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வியை நேராகக் கேட்டால் பதில் வராது. "நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் விண்ணப்பம் எப்படி நகரும்?" என்று கேளுங்கள், தானாக வந்துவிடும்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது இலக்கு. கடலூர் மாவட்டத்தில் 683 ஊராட்சிகள். உங்கள் மாதிரியில் வரும் ஊராட்சிகளில் இழை வந்ததா, வந்த இழையில் இணைப்பு ஓடுகிறதா, ஓடுவதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

படி 4: கிளவுட் தயார்நிலை

கிளவுட், அதாவது மேகக் கணிமை என்பது தரவையும் மென்பொருளையும் தொலைவில் உள்ள சர்வர்களில் வைத்து இணையம் வழியே பயன்படுத்துவது. அதற்கு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011-ல் கொடுத்த வரையறையைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள்: ஐந்து பண்புகள், மூன்று சேவை வகைகள், நான்கு அமைப்பு முறைகள். இந்தியாவில் மேக்ராஜ் என்ற பெயரில் அரசு கிளவுட் முயற்சி 2013-ல் தொடங்கியது. தேசிய தகவலியல் மையத்தின் தேசிய கிளவுட் 2014-ல் வந்தது. தனியார் கிளவுட் நிறுவனங்கள் அரசு வேலைக்கு வர வேண்டுமென்றால் மத்திய மின்னணு அமைச்சகத்தின் அங்கீகாரமும் தணிக்கையும் வேண்டும், தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மாவட்ட அளவில் ஆய்வு செய்கிறவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சர்வர் இருக்கும் இடம் மாவட்டத்தின் கையில் இல்லைதான். ஆனால் கடலூருக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட நெருக்கமானது. 2004 சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2015-ல் வெள்ளம். இப்படிப்பட்ட மாவட்டத்தில் தாலுகா அலுவலகத்து அலமாரியில் மட்டும் பதிவேடு இருப்பது ஆபத்து. தரவின் நகல் வேறொரு நில அதிர்வுப் பகுதியில், வேறொரு கரையில் இருப்பது பெரிய பாதுகாப்பு. கிளவுடுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இது, நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தரவு பத்திரமாக இருப்பதும், புயலுக்கு மறுநாள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவருக்கு அந்தத் தரவு கிடைப்பதும் வேறு வேறு. தொலைவில் சர்வர் நன்றாக ஓடும், இங்கே கம்பி அறுந்திருக்கும். எனவே கிளவுட் தயார்நிலையை இரண்டாகப் பிரித்து அளக்கச் சொல்கிறேன்.

மேலே இருப்பது: தரவு எங்கே, நகல் எங்கே, சர்வர் விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழும், எவ்வளவு நேரத்துப் பதிவுகள் தொலைந்துபோகலாம். ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம் இயங்கும் என்று எழுதியிருந்தால் 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.9 என்றால் ஏறக்குறைய 43 நிமிடம். அந்த 3 மணி நேரம் நள்ளிரவில் வந்தால் யாருக்கும் தெரியாது. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கேட்டுக் கூட்டம் மொய்க்கும் காலை 11 மணிக்கு வந்தால் ஊரே பேசும். தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் தன்மைதான் கிளவுடின் பெரிய லாபம். அந்த வாரத்தில் தளம் எப்படி இருந்தது என்று பார்த்தாலே அந்த லாபம் உண்மையில் கிடைத்ததா என்று தெரிந்துவிடும். ஆய்வுக் காலத்தை மே, ஜூன் மாதங்களைத் தொடுவதுபோல் அமையுங்கள்.

கீழே இருப்பது: "சர்வர் டவுன்" என்று மையத்தில் சொல்லும்போது உண்மையில் எது நின்றது? மையத்தின் வைஃபையா, ஊரின் இணைப்பா, மாநிலத் தளமா, ஆதார் சரிபார்ப்பா? மக்களுக்கு நான்கும் ஒரே சொல்தான். ஒரு வாரம் பொறுப்பாளரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நின்ற நேரத்தையும் நின்றது எது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். இணைப்பு இல்லாதபோது கையால் எழுதி வாங்கிப் பின்னால் ஏற்றும் முறை எழுத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில், இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தாக வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் கையாளும் பொறுப்பை வரையறுக்கிறது. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 உத்தரவு. மாவட்டத்தில் அந்த அழைப்பை யார் செய்வார் என்று கேளுங்கள். ஒரு பதவியின் பெயர் உடனே வந்தால் தயார்நிலை உண்டு.

படி 5: ஏற்பை அளக்கும் கேள்விகள்

ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் சொன்ன தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் இரண்டு தூண்கள்: பயன் இருக்கிறது என்ற எண்ணம், எளிது என்ற எண்ணம். வெங்கடேஷும் மற்றவர்களும் 2003-ல் அதை விரித்து யுடாட் என்ற மாதிரியைக் கொண்டுவந்தார்கள். எதிர்பார்க்கும் பயன், எடுக்கும் முயற்சி, சுற்றியுள்ளோர் செல்வாக்கு, துணை வசதிகள் ஆகிய நான்கும் அதில் உண்டு. வயது, பாலினம், அனுபவம், தன்விருப்பம் ஆகியவை இவற்றின் தாக்கத்தைக் கூட்டும், குறைக்கும். மாணவர்கள் பெரும்பாலும் நான்கு தூண்களை எடுத்துக்கொண்டு தன்விருப்பத்தை விட்டுவிடுகிறார்கள். அரசுச் சேவையில் அதுதான் உயிர்நாடி. வேறு வழியில்லாமல் வருபவரையும் விரும்பி வருபவரையும் ஒரே கணக்கில் போட்டால் கிடைக்கும் முடிவுக்குப் பொருளில்லை.

இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொல்வேன்: நம்பிக்கை, இடையாள். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, படித்த பக்கத்து வீட்டுப் பையன், கட்சிக்காரர், சுய உதவிக் குழுத் தலைவி என்று பலர் இடையாளாக இருக்கிறார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் நாடளவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். இடையாள் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இடையாளை ஒழிக்க வேண்டிய ஆளாகப் பார்க்காதீர்கள். பலருக்கு அவர்தான் அரசின் முகம். அவர் வாங்கும் காசு நியாயமா, விண்ணப்பத்தில் அவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவைத்திருக்கிறாரா என்பவைதான் கேள்வி.

கேள்வியின் மொழி ரொம்ப முக்கியம். "மின்னாளுமைச் சேவைகள் பயனர் நட்புடன் உள்ளன என்று கருதுகிறீர்களா? முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை" என்று தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்குப்பா" என்பார். வீடு தேடி வந்தவரை வருத்தப்படுத்த யாருக்கு மனம் வரும்? அதையே இப்படிக் கேளுங்கள்:

"கடைசியா எந்தச் சான்றிதழ் வாங்கினீங்க? யார் போட்டுக் கொடுத்தாங்க? மொத்தம் எவ்வளவு செலவாச்சு, பஸ் காசையும் சேர்த்து? எத்தனை தடவை நடந்தீங்க? அடுத்த தடவை நீங்களே போனில் போடுவீங்களா, அவர்கிட்டயே போவீங்களா? நேரா தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலாம்னு சொன்னா எதைப் பண்ணுவீங்க?"

கடைசிக் கேள்விதான் தன்விருப்பத்தை அளக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள்: இணையத்தில் எடுத்த சான்றிதழைக் கொடுத்தபோது, அதில் கியூஆர் குறியீடு இருந்தும், "ஒரிஜினல் கொண்டு வா" என்று யாராவது திருப்பி அனுப்பினார்களா? அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறையே வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி இருக்கிறது. விதியை அறியாத ஒரு மேசை, மக்கள் மனத்தில் மொத்த மின்சேவையையும் செல்லாக்காசாக்கிவிடும். ஏற்பு குறைவதற்கு மக்களின் அறியாமையைக் காரணமாக எழுதுவதற்கு முன் இந்தப் பதிலைப் பாருங்கள்.

படி 6: யாரிடம், எங்கே, எப்போது

2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சத்துக்கு மேல். 95 சதவீத உறுதி, 5 சதவீதப் பிழை என்றால் எளிய மாதிரிக்கு 384 பேர் போதும். ஆனால் நீங்கள் ஊர் ஊராகத்தான் போவீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மையத்துக்குப் போவதால் பதில்களும் ஒத்திருக்கும். அதற்காக ஒன்றரை மடங்கு, 576. பத்தில் ஒருவர் பதில் சொல்லாமல் போவார் என்று வைத்தால் 640. ஒரு மாணவரால் தனியாக முடியாது. இரண்டு வட்டங்களோடு நிறுத்திக்கொண்டு, "மாவட்டம் முழுக்க இப்படி" என்று எழுதாமல் இருப்பது நேர்மை.

ஊர்களை எடுக்கும்போது வாழ்க்கை முறையைப் பார்த்து எடுங்கள். தாழங்குடா, கிள்ளை போன்ற கடற்கரை ஊர்கள், நெய்வேலி நகரியம், பண்ருட்டியின் முந்திரிக் காடுகள், வீராணம் ஏரிப் பாசனத்துக் காட்டுமன்னார்கோயில், மேற்கே வேப்பூர், திட்டக்குடி. பாகூர் பக்கத்து எல்லையை மறக்க வேண்டாம். அங்கே கடலூர் ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் கலந்து கிடக்கின்றன. குடும்பம் ஒரு பக்கம், வேலை மறுபக்கம். புதுச்சேரிக்குத் தனி இ-டிஸ்ட்ரிக்ட் தளம், தனி நடைமுறை. இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லும் ஒப்பீடு அருமையான தரவு. இரண்டு அரசுகளின் சேவையையும் ஒரே மனிதர் அனுபவித்துச் சொல்வது வேறு எங்கும் இத்தனை எளிதில் கிடைக்காது.

மையத்தின் வாசலில் மட்டும் நின்று கேட்காதீர்கள். அங்கே வந்தவர்தான் கிடைப்பார், வராதவர் கிடைக்க மாட்டார். கடலோர ஊர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். முந்திரிப் பருவத்தில் பண்ருட்டிப் பக்கம் பகலில் போவது வீண். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்துக்குக் கையில் மனுவோடு வருகிறவர்களிடம் தனியே பேசுங்கள். இணையத்தில் முடிந்திருக்க வேண்டிய எந்த வேலைக்காக மஞ்சக்குப்பம் வரை வந்தார்கள்? 2025 ஜூலையில் சிதம்பரத்தில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' என்ற அரசு மனு முகாம்களில் மனு கொடுத்தவர்களிடமும் இதையே கேட்கலாம்.

படி 7: முன்சோதனை

முப்பது பேரிடம் கேட்டுப் பாருங்கள். புரியாத கேள்வியை மாற்றுங்கள். ஒரே கருத்தை அளக்கும் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்கு மேல் வர வேண்டும். யாருடைய ஆதார் எண்ணையும் குறிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். காட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 8: இரண்டையும் சேர்த்துப் படிப்பது

ஒவ்வொரு ஊருக்கும் தயார்நிலை ஒரு பக்கம், ஏற்பு ஒரு பக்கம் என்று கட்டம் போடுங்கள். இரண்டும் உயர்ந்த ஊரைப் பற்றி ஒரு வரி போதும். தயார்நிலை உயர்ந்து ஏற்பு தாழ்ந்த ஊரில் நம்பிக்கையையும் இடையாளையும் பாருங்கள்: பெரும்பாலும் ஒரு பழைய நிராகரிப்பு, காரணம் சொல்லாமல் திரும்பிய ஒரு பட்டா மனு, ஊர் முழுக்கப் பேசப்பட்டிருக்கும். ஏற்பு உயர்ந்து தயார்நிலை தாழ்ந்த ஊர்தான் அவசரமானது. இளைஞர்கள் கைபேசியிலேயே விண்ணப்பித்துப் பழகியிருப்பார்கள், அலுவலகத்தில் நகர்த்த ஆள் இருக்காது. அங்கே விழிப்புணர்வு முகாம் நடத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். காலியிடத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

முடிவுகளை ஆண், பெண் என்றும், தானே போட்டவர், இடையாள் போட்டவர் என்றும் பிரித்துக் காட்டுங்கள். பிரிக்காத சராசரியை அறிக்கையில் வைக்கவே வேண்டாம்.

படி 9: அறிக்கை யார் கைக்குப் போக வேண்டும்

வழிகாட்டி ஆசிரியரின் மேசையோடு நின்றுவிடக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் போதும்: எந்த லாகினில் எவ்வளவு நிற்கிறது, "சர்வர் டவுன்" என்றபோது நின்றது எது, எந்த ஊரில் முதலில் கைவைக்க வேண்டும். கேள்வி கேட்ட ஊர்களுக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. உங்கள் வசதிக்கு ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கூட்டத்தில் அதைப் படித்துக்காட்ட ஊராட்சித் தலைவரிடமோ, அவர் இல்லாதபோது பொறுப்பில் இருக்கும் தனி அலுவலரிடமோ நேரம் கேளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே, கேன் எண்ணில் யாருடைய கைபேசி இருக்கிறது என்று சரிபார்த்து மாற்றிக்கொடுக்க ஒரு மேசை போடச் சொல்லி, பக்கத்து இ-சேவை மையப் பொறுப்பாளரையும் கையோடு அழைத்துப் போங்கள்.